திரும்பி நின்ற பெண்ணும் நான் உண்டாக்கிய போலியும்

இருபத்தெட்டு வருடம் ஒரு கல்லூரியில் வணிகச் சட்டம் நடத்தினேன். அடுத்தவர் சரக்கின் அடையாளத்தை எடுத்து நம் சரக்கில் ஒட்டி விற்பது குற்றம் என்று அதில் ஒரு பாடம் உண்டு. வருடம் தவறாமல் கரும்பலகையில் இரண்டு சோப்புக் கட்டி வரைந்து அதை நடத்துவேன். என்னிடம் படித்தவர்களில் எவரும், எனக்குத் தெரிந்தவரை, அந்தக் குற்றத்தில் மாட்டியதில்லை. நடத்திய நான்தான் மாட்டினேன். அதுவும் எப்படி? யாரும் கேட்காமல் நானே போலீஸைக் கூப்பிட்டு, திருட்டுச் சாமான் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டியது போல.

என் மனைவி காந்திமதியின் பிறந்த வீட்டில் சீயக்காய்த்தூள் தயாரித்தார்கள். திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டை ஒட்டியே அரவை மில். 'வடிவு சீயக்காய்த்தூள்' என்று பெயர். வடிவு என்பது என் மாமியார் வடிவம்மாள். பச்சை அட்டையில் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்பாள். கூந்தல் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கும். முகம் இடது பக்கம் லேசாகத் திரும்பியிருக்கும், மூக்கு நுனி மட்டும் தெரியும் அளவுக்கு. கீழே கொட்டை எழுத்தில், 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள். பெண் படம் பார்த்து வாங்கவும்.' எரியோடு, சித்தையன்கோட்டைப் பக்கம் எழுத்துக் கூட்டத் தெரியாத பெண்கள்கூட 'திரும்பி நிக்கிற பொம்பள பாக்கெட்டு' என்று கேட்டு வாங்குவார்கள். வியாபாரமே அந்த முதுகின் மேல்தான் நின்றது.

அந்த முதுகு என் மாமியாருடையது என்பது குடும்பத்தில் கேள்வி கேட்க முடியாத உண்மை. கல்யாணமான புதிதில் மாமனார் அவரை நிற்க வைத்துப் படம் எழுதச் செய்தார் என்பது வரலாறு. நான் பெண் பார்க்கப் போனபோது தரகர் முதலில் காட்டியது பெண்ணின் போட்டோவை அல்ல, சீயக்காய் பாக்கெட்டை. "அம்மாவுக்கு இம்புட்டு முடி. பொண்ணுக்குச் சொல்லணுமா?" என்றார். என் அம்மா அந்த நிமிடமே சம்மதித்துவிட்டாள். (காந்திமதிக்கு இடுப்புவரைதான் முடி. என் அம்மா கடைசிவரை அது வளரும் என்று காத்திருந்தாள்.)

அத்தையிடம் யாராவது, "இது நீங்கதானா?" என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். கொண்டையில் கையை வைத்துக்கொண்டு, "அது ஒரு காலம்" என்பார். அந்த அடக்கத்தை நான் வெகுவாக மெச்சியிருக்கிறேன்.

மாமனார் காலமான பிறகு மில்லைப் பார்த்துக்கொண்டது காந்திமதியின் அண்ணன், என் மச்சான் தங்கவேலு. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது இரண்டாயிரமாவது ஆண்டு கழிந்து ஓரிரு வருடத்தில். ஓய்வு பெற்ற ஆசிரியரைப் போல ஆபத்தான பிராணி கிடையாது. பாடம் நடத்த ஆள் கிடைக்காமல் அலைவான். எனக்கு மச்சான் கிடைத்தார்.

அப்போது ஊரில் எல்லோரும் இன்டர்நெட் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு அருகே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த ஸ்டெல்லா டீச்சர், டைப் மெஷின்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கியிருந்தார். இணையதளம் வடிவமைக்கவும் கற்றுக்கொண்டிருந்தார். நான் போய் அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு நேராக மில்லுக்கு வந்தேன்.

"மச்சான், நம்ம சரக்குக்கு ஒரு வெப்சைட் வேணும்."

"நம்ம சரக்கு வத்தலக்குண்டு தாண்டலியே மாப்ளே. அமெரிக்காக்காரன் வந்து எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போறானா?"

"பிராண்டுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. நீங்க சொல்லாம விடப் போறதில்ல. உக்காந்து சொல்லுங்க."

ஒரு மணி நேரம் சொன்னேன். மனிதர் நடுவில் இரண்டு லோடு இறக்கினார், ஒரு தடவை மில் மெஷினுக்கு பெல்ட் மாற்றினார். கடைசியில், "சரி, ஒங்க இஷ்டம். அம்மா படத்துக்கு ஒரு கொறையும் வந்துறக் கூடாது" என்றார். அந்த ஒரு நிபந்தனை மட்டும்தான் அவர் போட்டது.

ஸ்டெல்லா டீச்சரும் நானும் பத்து நாள் உழைத்தோம். தமிழ் எழுத்து வெளியூர்க் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று டீச்சர் சொன்னதால் எல்லாம் ஆங்கிலம். மேலே ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். கீழே, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் பெட்டி. கம்பெனி வரலாறு, மூலிகைப் பெருமை, எல்லாம் வந்துவிட்டது. ஆனால் எனக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. அட்டையில் அரை நூற்றாண்டாக 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்று போட்டிருக்கிறோம். அந்தப் போலி எங்கே?

மச்சானிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்பிடி யாரும் இல்லியே மாப்ளே. அப்பா போட்டாரு, நானும் போடுறேன். எல்லா பாக்கெட்டுலயும் போடுறதுதான" என்றார்.

"பெரிய கம்பெனின்னா போலி இருக்கணும் மச்சான். நமக்குப் போலி இல்லேன்னா, நம்மளக் காப்பியடிக்கக்கூட ஆளில்லேன்னு அர்த்தம்."

"அதுக்கு?"

"அத நான் பாத்துக்கிறேன்."

(இந்த மூன்று சொற்களை நான் வாழ்க்கையில் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

'அசலும் போலியும்' என்று ஒரு பக்கம் திறந்தேன். இடது பக்கம் எங்கள் அட்டை. வலது பக்கம் போலி. போலி கிடைக்காததால் நானே தயாரித்தேன். "டீச்சர், இந்தப் படத்தை அப்படியே இடம் வலமா திருப்ப முடியுமா?" ஒரு தட்டில் திருப்பிவிட்டார். பெண் இப்போது வலது பக்கம் பார்த்தாள். "பச்சையை எடுத்துட்டு சிவப்பு போடுங்க. ஏமாத்துறவன் சிவப்புதான் போடுவான்." போட்டார்.

"பேரு என்ன சார் வைக்கட்டும்?" என்று கேட்டார் டீச்சர்.

இங்கேதான் என் இருபத்தெட்டு வருடச் சட்ட அறிவு விழித்துக்கொண்டது. பெயர் வைத்தால், அந்தப் பெயரில் எங்காவது ஒருவன் இருந்து வழக்குப் போடுவான். "பேர் இருக்கிற இடத்தை மட்டும் அழிச்ச மாதிரி விட்டுடுங்க டீச்சர். பேரில்லாதவனை யாரும் அவதூறு பண்ண முடியாது."

"எப்படி சார் இப்படியெல்லாம் யோசிக்கிறீங்க!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. (அப்போதே உச்சியில் முடி இல்லாததால் சீக்கிரம் குளிரும்.)

திறப்பு விழாவுக்குக் குடும்பத்தையே இரண்டு ஆட்டோவில் கூட்டிப் போனேன். அந்தக் காலத்து இன்டர்நெட் போன் வழியாக வரும், படம் மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்கும். முதலில் உச்சந்தலை வந்தது. அப்புறம் பின்கழுத்து. அப்புறம் கூந்தல். கூந்தல். இன்னும் கூந்தல்.

"இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார் மச்சான்.

"முழங்கால் வரைக்கும் இருக்குல்ல, செத்த நேரம் ஆகும்" என்றாள் காந்திமதி.

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் படமும் வந்ததும், "இத ஊரு உலகமெல்லாம் பாக்குமா மாப்ளே?" என்று கேட்டார்.

"உலகமே பாக்கும் அத்தை!"

"எதுக்கு?" என்றார். நான் சிரித்தேன். அந்தக் கேள்வியை அப்போதே சரியாகக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்த நான்கு மாதம் தினமும் காலையில் ஸ்டெல்லா டீச்சர் கடைக்குப் போய் எண் பெட்டியைப் பார்த்தேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. நூறு தாண்டியபோது மச்சானுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன். டீச்சர் மிகவும் தயங்கி ஒருநாள் சொன்னார். "சார், நீங்க ஒவ்வொரு தடவை பாக்குறதும் அதுல ஒண்ணு கூடும்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பார்த்தது, டீச்சர் பார்த்தது, திறப்பு விழா, எல்லாம் கழித்தால் மிச்சம் ஒன்று. உலகம் முழுவதிலும் எங்கள் தளத்தை ஒரே ஒருவர் பார்த்திருக்கிறார்.

அவர் யார் என்பது அடுத்த வாரம் பதிவுத் தபாலில் தெரிந்தது.

பழனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ். நெய்க்காரப்பட்டியில் கூந்தல் தூள் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்காக. கம்பெனி முதலாளியின் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஊர்ச் சீயக்காய் ஞாபகம் வந்து கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறாள். தன் அப்பாவின் அட்டைப் படத்தை, சிவப்பு நிறத்தோடு, வலது பக்கம் பார்க்கும் பெண்ணோடு, கண்ணெதிரே கண்டிருக்கிறாள். கீழே 'போலி' என்று எழுதியிருந்திருக்கிறது. நோட்டீஸில் ஒரு வரி என்னை இன்றும் உலுக்கும்: 'எங்கள் கட்சிக்காரரின் பெயரை வேண்டுமென்றே அழித்துவிட்டு வெளியிட்டிருப்பது உங்கள் தீய நோக்கத்தைக் காட்டுகிறது.' அதோடு நிற்கவில்லை. எங்கள் பச்சை அட்டையே அவர்களுடைய பதிவு செய்த முத்திரையின் நகல், அந்தப் படத்தை உடனே நிறுத்த வேண்டும் என்றும் இருந்தது.

மச்சான் நோட்டீஸோடு வந்தார். "மாப்ளே, படம் போச்சுன்னா யாவாரம் போச்சு. எரியோட்டுப் பொம்பளைங்களுக்குப் பேரு தெரியாது, படந்தான் தெரியும்."

"பதறாதீங்க. நமக்குத்தான் அசைக்க முடியாத சாட்சி இருக்கே."

"என்ன சாட்சி?"

"அத்தைதான்! படத்துல இருக்கிறவங்களே நம்ம வீட்டுல உயிரோட இருக்காங்க. இதுக்கு மேல எவன் வந்து என்ன பேச முடியும்?"

பதில் நோட்டீஸை நானே எழுதினேன். மச்சான் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு வாசகம், 'மேற்படி படத்தில் காணும் வடிவம்மாள் இன்றும் உயிருடன் உள்ளார். அவரது கூந்தல் எந்நேரமும் பார்வையிடத் தக்கது.' எழுதி முடித்ததும் நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பூரித்தேன்.

ஆதாரம் கெட்டியாக இருக்கட்டும் என்று ஒரு போட்டோகிராபரையும் அழைத்துப் போனேன். அத்தைக்கு அப்போது எழுபதுக்கு மேல். கொண்டை ஓர் எலுமிச்சம்பழம் அளவு.

"எதுக்கு மாப்ளே இதெல்லாம்? படந்தான, போனாப் போகட்டும். வேற படம் போட்டுக்கிறலாம்" என்றார்.

"அதெப்படி அத்தை விட முடியும்? உங்க படம்!"

"வேணாம் மாப்ளே. சொன்னாக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. வகுப்பில் கை தூக்கும் மாணவனைக் கவனிக்காமல் பாடத்தைத் தொடரும் பழக்கம் எனக்கு உண்டு. அவரை ஸ்டூலில் திரும்பி உட்கார வைத்தேன். "முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க அத்தை, படத்துல மாதிரி." திருப்பினார். இவ்வளவு வயதான ஒருவரை முதுகு காட்டி உட்கார வைத்து அப்படிச் செய்த ஆள் நான். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

பத்து நாளில் நெய்க்காரப்பட்டி முதலாளியே மச்சான் வீட்டுக்கு நேரில் வந்தார். பொன்னுச்சாமி என்று பெயர், என் வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. சண்டைக்கு வந்தவர் போலவே இல்லை.

"ஏனுங்க, வக்கீலுங்க பேசறதுக்கு முன்னால நாம ஒருக்காப் பேசிக்கலாமுன்னு வந்தனுங்க. உங்க கடுதாசியப் படிச்சனுங்க. கூந்தல் பார்வையிடலாமுன்னு போட்டிருந்தீங்க." கொஞ்சம் இருமினார். "அதெல்லாம் வேண்டாமுங்க."

மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தார். நிறம் மங்கியிருந்தது, ஆனால் சிவப்பு. வலது பக்கம் பார்க்கும் பெண். பெயரை விட்டுவிட்டால், நான் ஸ்டெல்லா டீச்சரை வைத்துத் தயாரித்த போலி, அச்சுப் பிசகாமல்.

"உங்க பாக்கெட்டு ஒண்ணு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு எழுந்தார். கூடத்தில் இருந்த பீரோக் கண்ணாடி முன்னால் போய் எங்கள் பச்சை அட்டையைக் காட்டினார். கண்ணாடிக்குள் பெண் வலது பக்கம் பார்த்தாள்.

"அந்தக் காலத்துல அச்சாபீஸ்ல கட்டைல செதுக்கித்தானுங்க படம் அடிப்பாங்க. ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. இடம் வலமாத் திருப்பிச் செதுக்குனாத்தான் நேரா விழுகும். எங்க அட்டையப் பாத்து அப்பிடியே செதுக்கியிருக்காங்க. அதான் உங்குளுது திரும்பி விழுந்திருக்குது. நீங்க மறுபடியும் அதத் திருப்பி வச்சீங்க, எங்குளுது வந்திருச்சுங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். எங்களைக் காப்பியடிக்க ஆளில்லையே என்று நான் உண்டாக்கிய போலிதான் அசல். அசல் என்று அரை நூற்றாண்டாக மார்தட்டியது நகல். அதைத் திருப்பிப் போட்டு உலகத்துக்கே காட்டியவன் சட்டப் பேராசிரியர்.

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். "இருக்க முடியாது ஐயா. இது எங்க அத்தை. அவங்களைப் பார்த்து எழுதின படம்" என்றேன்.

"இந்தப் படத்துல இருக்கறது யாருமே இல்லீங்க. எங்கப்பாரு சொல்லி ஒரு படக்காரரு மனசுல நெனச்சு எழுதுனதுங்க."

"அத்தை!" என்று நான் உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். "கொஞ்சம் வந்து நீங்களே சொல்லுங்க!"

காந்திமதி என் முழங்கையைக் கிள்ளினாள். அதற்குள் அத்தை காபி டம்ளரோடு வந்துவிட்டார். வந்தவருக்குக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "அது நானில்ல" என்றார்.

அப்படியே கதவில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார்.

"கல்யாணமாகி மறு வருசம். அவரு பாக்கெட்டக் கொண்டாந்து என் கையில குடுத்து, 'வடிவு, இது நீதான், ஒன்னய நெனச்சுத்தான் அடிக்கச் சொன்னேன்'னாரு. நல்லாப் பாத்தேன். எனக்கு என்னைக்கு முழங்கா வரைக்கும் முடி இருந்துச்சு? ஆனா அம்புட்டு ஆசையாச் சொல்றாரு. முதுகுதான, என் முதுக நான் என்னைக்குப் பாத்தேன், இருக்கும் போலன்னு விட்டுட்டேன். அப்பறம் பிள்ளைக பொறந்து, அதுகளும் நம்பிருச்சுக. ஆமான்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. இல்லேன்னு சொல்லத்தான் மனசு வரல."

பொன்னுச்சாமி காபியைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்க சொன்னது போதுமுங்க" என்று கையைக் கூப்பினார்.

அவர் நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை. பெயர் எங்களுக்கே இருக்கட்டும் என்றார். இருக்கிற அட்டை தீர்ந்ததும் படத்தை மாற்ற வேண்டும். இணையத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, அது எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாள் மன்னிப்பு இருக்க வேண்டும். எழுதியவர் பெயரோடு. "புரொபசரே எழுதட்டுமுங்க. கடுதாசி நல்லா எழுதறாரு."

எழுதினேன். அந்த மன்னிப்பை என் பழைய மாணவர்கள் எப்படியோ கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எண் பெட்டி நான் தொடாமலே ஓடியது. எங்கள் வெப்சைட் உலகப் புகழ் பெற்றது அந்த நான்கு மாதம் மட்டும்தான்.

பொன்னுச்சாமி வந்துபோன அன்று சாயங்காலமே அத்தையிடம் போய் நின்றேன். "என்னை மன்னிச்சிருங்க அத்தை. நீங்க வேணாம்னப்பவே கேட்டிருக்கணும்."

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "விடுங்க மாப்ளே. அம்பது வருசம் எனக்கு முழங்கா வரைக்கும் முடி இருந்துச்சு. ஒரு நாளு சிக்கெடுத்தது கிடையாது. அந்தக் குடுப்பினை யாருக்குக் கெடைக்கும்?" என்றார். அப்புறம், "அந்த போட்டோக்காரன் எடுத்த படத்தக் கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

போட்டோகிராபர் கொடுத்த உறையில் நான் கேட்ட முதுகுப் படங்கள் இருந்தன. கடைசியாக ஒன்று, எடுத்தது போதும் என்று நான் சொன்னதும் அத்தை ஸ்டூலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது போட்டோகிராபர் தானாக எடுத்தது. நரைத்த தலை, பொக்கை வாய், என் மேல் இருந்த எரிச்சலில் பாதிச் சிரிப்பு. மச்சான் அதை வெகுநேரம் பார்த்தார். "இதப் போட்டா எவனும் நோட்டீஸ் விட முடியாதுல்ல மாப்ளே?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு சட்டக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன்.

புது அட்டை வந்த வாரம் மச்சானுக்குத் தூக்கமில்லை. எரியோட்டுக் கடையில் ஓர் அம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திரும்பி நின்ன பொம்பள எங்கே?" என்று கேட்டாளாம். சரக்குப் போட அங்கே போயிருந்த மச்சான் சொன்னாராம்: "அவங்கதான் இவங்க. இம்புட்டு நாளு திரும்பி நின்னாங்க, இப்பத்தான் ஒங்களப் பாக்குறாங்க." அந்த அம்மாள் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனாளாம். பிராண்டைப் பற்றி நான் மச்சானுக்கு ஒரு மணி நேரம் நடத்திய பாடத்தில் இப்படி ஒரு வாக்கியம் இல்லை.

(அவர் சொன்னது உண்மையா என்று சட்டப்படி ஆராய்ந்தால் சிக்கல்தான். நான் ஆராயவில்லை. திருந்திவிட்டேன்.)

அத்தை அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் குரூப் போட்டோ எடுக்கும்போது, எல்லோரும் வரிசையாக நின்ற பிறகு, நடுவில் உட்கார்ந்தபடி உத்தரவு போடுவார். "மாப்பிள்ளையத் திரும்பி நிக்கச் சொல்லுங்க. மூஞ்சி இடது பக்கம்." நான் திரும்புவேன். கூட்டம் சிரிக்கும். அவர் போன பிறகு அந்த உத்தரவை மச்சான் போடுகிறார்.

எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றிலும் முப்பது முகங்களும் ஒரு வழுக்கைத் தலையின் பின்புறமும் இருக்கும். முதல் படத்தின் கீழே காந்திமதி தன் குண்டு கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள். படம் பார்த்து வாங்கவும்.'